எனக்குள் எத்தனையாம் எண் கூண்டு?

அந்த அம்மாவுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரை, 1 மில்லிகிராம். கொடுத்தது 2 மில்லிகிராம். இரண்டு அட்டையும் ஒரே கம்பெனி, ஒரே நீளம், ஒரே வெள்ளி நிறம். எண் மட்டும்தான் வேறு. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, மாலை ஏழு மணி, கடை வாசலில் பத்துப் பேர். என் கை அட்டையை எடுத்தது, கத்தரித்தது, கவரில் போட்டது, சில்லறையையும் சரியாக எண்ணிக் கொடுத்தது. நான்தான் அங்கே இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாற்று கேட்க வேண்டிய ஒருவரோடு மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மறுப்பது போலவும் நான் பதில் சொல்வது போலவும் வசனம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை அந்த அம்மாவின் மகன் அட்டையோடு வந்தார். விடியற்காலையில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியிருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ உடனே சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் தப்பித்தார். "அண்ணே, சீட்டில் ஒன்று என்று இருக்கிறது, அட்டையில் இரண்டு என்று இருக்கிறது. நீங்களே பாருங்கள்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இது நடந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். யோகா ஆசிரியனும் இல்லை, சாமியாரும் இல்லை. 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, செய்கிற வேலையில் மனதை வைத்திருக்கும் அந்த வித்தையைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே எப்படிப் பழகுவது, பழகினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். பத்து நாள் விடுப்புப் போட்டுவிட்டு மௌனம் இருக்க முடிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். இது காலை எட்டுக்கு ஷட்டரைத் தூக்கி இரவு பத்துக்கு இறக்குகிறவர்களுக்கு.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா மகள். புதுச்சேரியில் மனநல ஆலோசகராக இருக்கிறாள். மாத்திரை மாறிய கதையைச் சொன்னபோது அவள் ஆறுதல் சொல்லவில்லை. "மாமா, அந்த அட்டையைக் கத்தரித்த நிமிடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். மறுத்துப் பேசிய அந்த மனிதரின் முகம் ஞாபகம் இருந்தது, அவர் அன்று கடைப்பக்கமே வரவில்லை. கையில் இருந்த அட்டை ஞாபகத்தில் இல்லை.

பராக்கு, பராக்

பெயரைப் பற்றிக் கொஞ்சம். சிலர் இதை 'மனநிறைவு' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. மனநிறைவு என்பது பெண்ணுக்குத் திருமணம் முடித்து, பந்தியும் முடிந்து, பாயில் சாயும்போது வருவது. இதில் நிறைவு இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. மனம் எரியும்போது எரிகிறது என்று தெரிந்திருந்தால் அதுவும் இதுதான். மூலச்சொல் பழைய புத்த நூல்களின் பாலி மொழியில் 'சதி'. ஸ்மிருதி என்னும் வடசொல்லின் உறவு, நினைவில் வைத்திருத்தல் என்று பொருள். இலங்கையில் அரசு அதிகாரியாக இருந்தபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ் 1881ல் அதற்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற சொல்லை எடுத்தாண்டார். நாம் 'சதி' என்றே வைத்துக்கொண்டால் குடும்பத்தில் குழப்பம் வரும். நான் கவனம் என்றே சொல்கிறேன்.

என் பாட்டி கையாண்ட சொல் இவற்றையெல்லாம் விடப் பொருத்தம். "பராக்குப் பார்க்காதே" என்று தலையில் குட்டுவார். கவனம் வேறெங்கோ போவது பராக்கு. ஆனால் தெருக்கூத்தில் ராஜா வருவதற்கு முன் கட்டியக்காரன் திரைக்கு முன்னால் வந்து "பராக், பராக்" என்று கூவுவான். அங்கே அதற்குக் கவனி, கவனி என்று பொருள். சிதறியதற்கும் திருப்புவதற்கும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான் நம்மிடம் இருக்கிறது. பராக்கில் இருப்பவனைப் பராக் சொல்லித் திருப்புவது: ஏழு ஆண்டுகளாக நான் பழகுவது இவ்வளவே. மனம் போவதை யாராலும் நிறுத்த முடியாது. போனது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு அலைந்தவர்களுக்காக, பின்னர் எட்டு வாரமாக நிலைபெற்ற பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். புத்த மடங்களின் பயிற்சியிலிருந்து சமயச் சடங்கைக் கழற்றிவிட்டுக் கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்று ஊர் ஊராக நடப்பதில் பெரும்பாலானவை அந்த எட்டு வாரத்தின் பேரப்பிள்ளைகள்.

ஷட்டரைத் தூக்குமுன் பத்து மூச்சு

தொடங்க வேண்டிய இடம் மூச்சு. காரணம், அதை எங்கும் மறந்து வைத்துவிட்டு வர முடியாது.

நான் செய்வது இது. வண்டியை நிறுத்திவிட்டுக் கடைப்படியில் உட்காருவேன். சாவிக்கொத்து கையில் இருக்கும். கண்ணை மூடுவதில்லை, மூடினால் தெருவில் போகிறவர்கள் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள். பார்வையை இரண்டடி தள்ளித் தரையில் வைத்துக்கொள்வேன். மூச்சு எங்கே நன்றாகத் தெரிகிறது என்று பார்ப்பேன். சிலருக்கு மூக்கு நுனியில், உள்ளே போகும் காற்று குளிர்ச்சியாகவும் வெளியே வருவது வெதுவெதுப்பாகவும் தெரியும். எனக்கு வயிற்றில், சட்டையின் கடைசிப் பொத்தான் இருக்கும் இடத்தில் தெரிகிறது. உங்களுக்கு எங்கே தெரிகிறதோ அந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள், தினமும் மாற்றாதீர்கள். மூச்சை இழுத்து அடக்கி எதுவும் செய்ய வேண்டாம். இது பிராணாயாமம் இல்லை. அது வருகிறபடி வரட்டும். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நடுவில் எண்ணிக்கை தொலைந்தால் திட்டிக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கும். முதல் வாரம் முழுவதும் நான் நான்கைத் தாண்டவில்லை. ஒரு நாள் பெருமையாக எண்ணிக்கொண்டே போய்ப் பார்த்தால் பதினேழு. பத்தில் திரும்பவே இல்லை. வாய் எண்ணிக்கொண்டிருந்தது, நான் மருந்து மொத்த வியாபாரியின் பாக்கியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா மகளிடம் சொல்லி அலுத்துக்கொண்டேன். "பதினேழில் தெரிந்ததல்லவா மாமா, அந்த இடம்தான் பயிற்சி. எண்ணுவது சும்மா ஒரு சாக்கு" என்றாள். அதன் பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது. மனம் வெறுமையாக வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் எல்லோரும் மூன்றாம் நாளே எழுந்து போய்விடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் முப்பது முறை மனம் ஓடி, முப்பது முறை நீங்கள் அதைப் பிடித்திருந்தால் அது நல்ல ஐந்து நிமிடம்.

ஒரு சின்னச் சோதனை. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று நிதானமாகவும் ஓடும். இளைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும், வயதானால் குறைவாகத் தெரியும். மூச்சை விடும்போது வேகஸ் என்னும் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுவதால் இப்படி நடக்கிறது. பதற்றத்தில் இருப்பவரைப் பெரியவர்கள் 'பெருமூச்சு விட்டு உட்கார்' என்று சொல்வதில் இந்த வேலையும் இருக்கிறது.

ஒரு முந்திரிப் பருப்பு

கபாட்-ஜின்னின் வகுப்பில் முதல் நாள் ஆளுக்கு ஒரு உலர்திராட்சை கொடுத்து, அதைத் தின்பதற்குச் சில நிமிடங்கள் கொடுப்பார்கள். பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கும்போது எனக்கு எதற்குத் திராட்சை? அக்கா மகள் முந்திரிப் பருப்பை எடுத்து வைத்தாள்.

முழுப் பருப்பாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் வையுங்கள். எடை தெரிகிறதா என்று பாருங்கள். முதலில் தெரியாது, கையை மெல்ல ஏற்றி இறக்கினால் தெரியும். நிறம் வெள்ளை என்று நினைத்திருப்பீர்கள். தந்த நிறம், வளைவின் உட்பக்கம் கொஞ்சம் சாம்பல் படிந்திருக்கும், எங்காவது ஒரு மூலையில் உரிக்கும்போது விட்டுப்போன தோல் பழுப்பாக ஒட்டியிருக்கும். முதுகில் ஒரு கோடு ஓடும். இரண்டு பாதியும் பிரிகிற இடம். நகத்தால் தொட்டால் அந்தக் கோட்டில் விரல் தடுக்கும். முகர்ந்து பாருங்கள். எனக்குப் புதுச் சாக்கின் வாசனை முதலில் வந்தது, முந்திரி வாசனை பிறகுதான் வந்தது. நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருங்கள். எச்சில் ஊறுவதும், பற்கள் அவசரப்படுவதும் தெரியும். அந்த அவசரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு ஒரே ஒரு கடி. இரண்டு பாதியும் பிரியும் சத்தம் காதுக்குள் கேட்கும். மாவு போல ஆகி, இனிப்பு மெதுவாகக் கடைசியில் வரும்.

நான் ஐம்பது வயது வரை முந்திரியைக் கைப்பிடி கைப்பிடியாகத்தான் தின்றிருக்கிறேன். அந்த ஒன்றுக்கு நான்கு நிமிடம் ஆனது. 2011ல் தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு நட்ட மரத்தில் காய்த்ததாக இது இருக்குமோ என்று அந்த நான்கு நிமிடத்தில் ஒரு நினைப்பு ஓடியது. அதுவும் பராக்குதான். இனிய பராக்கு. திரும்பி வந்து மென்றேன்.

ஒவ்வொரு வேளையும் இப்படித் தின்றால் கடையை மூடிவிட வேண்டியதுதான். தினம் ஒரே ஒரு வாய் போதும். காலை இட்லியில் முதல் துண்டு, அல்லது டீயில் முதல் மிடறு. பேசாமல், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

என் மனைவி இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். "சங்கரா மீனை அரிவாள்மனையில் வைத்து ஆய்ந்து பாருங்கள். பராக்குப் பார்த்தால் செதிலோடு விரலும் வரும். முப்பது ஆண்டுகளாக ஆய்கிறேன், எனக்கு எட்டு வார வகுப்பு யார் எடுத்தார்கள்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கையில் கத்தியோ ஊசியோ கொதிக்கும் எண்ணெயோ இருப்பவர்களுக்கு இந்தக் கவனம் ஏற்கெனவே வந்திருக்கும். ஆபத்து தெரியாத வேலைகளில்தான் நாம் தொலைந்துபோகிறோம். மாத்திரை அட்டை யார் விரலையும் வெட்டாது.

வேலையில்

கடையில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. அட்டையை எடுத்ததும் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் விரலால் தொட்டு வாய்விட்டுப் படிப்பேன். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்களும் நடைமேடை ஊழியர்களும் சிக்னலைக் கையால் சுட்டிக்காட்டி, அது என்ன என்று உரக்கச் சொல்வார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கண் பழகிப்போய்ப் பார்க்காமல் தாண்டுவதை வாயும் கையும் தடுத்து நிறுத்துகின்றன. எங்கள் தெருவில் முதல் சில மாதம் எனக்குக் காது மந்தம் என்று ஒரு பேச்சு இருந்தது.

உங்கள் வேலையில் இதற்கு ஈடான இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுகிறவர் தொகையை ஒருமுறை உதட்டால் சொல்லலாம். வீட்டைப் பூட்டுகிறவர் 'பூட்டிவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டு பூட்டலாம். கெடிலம் பாலம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கும் வேலை மிச்சம்.

கூண்டு

இனி நான் கண்டுபிடித்த விஷயம். கண்டுபிடித்தது என்று சொல்வது அதிகம்தான். எங்கள் துறைமுகத்திலிருந்து கடன் வாங்கியது.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கடலூர்க்காரன் நாளிதழில் முதலில் தேடுவது கூண்டு எண். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று என்றால் எங்கோ தொலைவில் கடலில் கோளாறு. மூன்று என்றால் நம் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்றாம் எண் எல்லாவற்றிலும் விசித்திரமானது: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

ஒரு நாள் சந்தைக் கூட்டம் போல ஆட்கள் நிற்கும்போது ஒருவர் பழைய சீட்டை நீட்டி, மாத்திரையை மாற்றிக் கொடு என்று சத்தம் போட்டார். எனக்கும் சத்தம் வந்தது. வந்த நேரத்தில் என்னையறியாமல், 'இப்போது எத்தனையாம் எண்?' என்று கேட்டுக்கொண்டேன். தாடை இறுகியிருந்தது, காது சூடாக இருந்தது, கை கவரைக் கசக்கிக்கொண்டிருந்தது. ஏழு, என்றேன் மனதுக்குள். ஏழு என்று சொன்ன மாத்திரத்தில் கோபம் போய்விடவில்லை. ஆனால் ஏழு என்று சொன்ன ஆள் ஒருவர் கோபத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பாதங்களும் செருப்பில் அழுந்துவது தெரிந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, "கொஞ்சம் பொறுங்கள், பார்க்கிறேன்" என்றேன். அவர் சொன்னதில் நியாயம் இல்லை. மாற்றிக் கொடுக்கவும் இல்லை. சண்டை மட்டும் நடக்கவில்லை.

அன்று முதல் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை எண் பார்க்கிறேன். போன் மணி அடிக்கும்போது, எடுப்பதற்கு முன். கூட்டம் சேரும்போது. இரவு வீட்டுப்படி ஏறுவதற்கு முன். முறை எளிது: முதலில் உடம்பில் எங்கே என்று பாருங்கள். தாடை, தோள், வயிறு, உள்ளங்கை. பிறகு எண்ணைச் சொல்லுங்கள். முடிந்தால் பெயரும் சொல்லுங்கள்: பயம், பொறாமை, அவமானம், வெறும் பசி. எனக்குப் பல நாள் மாலை ஐந்தாம் எண் என்பது மதியச் சாப்பாடு தவறியதுதான். கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மேன் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு 2007ல் மூளைப் படம் எடுத்துப் பார்த்து, உணர்ச்சிக்கு ஒரு சொல்லைச் சூட்டும்போது மூளையில் அமிக்டலா என்னும் அச்சப் பகுதியின் கொதிப்பு தணிகிறது என்று எழுதியது. கூண்டு ஏற்றியதால் புயல் திரும்பிப் போனதாக எந்த மீனவரும் சொல்லமாட்டார். படகைக் கரைக்கு இழுத்துக் கட்டிக்கொள்வார்.

அந்தத் தீபாவளி மாலை எனக்குள் ஏறியிருந்தது பத்து அல்ல. பத்தாக இருந்தால் நானே உணர்ந்திருப்பேன். கோபமும் இல்லை, பயமும் இல்லை, கை அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தது. அது பதினொன்று.

இரவில், மழையில்

தூக்கம் வராதவர்களுக்கு ஒன்று. மல்லாந்து படுத்து, இடது கால் கட்டைவிரலில் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வொரு இடமாகக் கவனத்தால் தடவிக்கொண்டு வாருங்கள். அங்கே சூடா, அரிப்பா, பாய் உறுத்துகிறதா, ஒன்றுமே தெரியவில்லையா. தெரியவில்லை என்பதும் பதில்தான். வகுப்புகளில் இதை முக்கால் மணி நேரம் செய்யச் சொல்வார்கள். நான் முழங்காலைத் தாண்டியதே அபூர்வம், தூங்கிவிடுகிறேன். பயிற்சியாகச் செய்ய விரும்புகிறவர்கள் பகலில் செய்யட்டும்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்த இரவு எனக்குத் தூக்கமும் வரவில்லை, முழங்காலும் வரவில்லை. அக்கா மகளின் போன் கிடைக்கவில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெய்த மழை அது. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது, எனக்குக் கேட்டது மழை மட்டுமில்லை. தானே புயல் கேட்டது, 2015 வெள்ளம் கேட்டது, கடைக்குள் தண்ணீர் வந்து நனைந்த பெட்டிகள் கேட்டன. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். தகரத்தில் விழுவது மழை. நெஞ்சில் விழுவது வேறு. மழைக்குச் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? கீழ் அலமாரிப் பெட்டிகளை மாலையே மேலே ஏற்றியாகிவிட்டது. போனுக்குச் செய்ய வேண்டியது? காலையில் மறுபடி அழைக்க வேண்டும். பயம் போகவில்லை, ஆனால் அது தனியாக, அதன் அளவுக்கு மட்டும் இருந்தது. ஆறு மணிக்கு அவளே அழைத்தாள். மாடிக்கு ஏறியிருந்தார்கள்.

என்ன கிடைக்கும்

மருந்துக் கடைக்காரன் என்பதால் யார் எதைச் சொன்னாலும் எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று கேட்கிற வழக்கம் எனக்கு உண்டு.

2010ல் ஹார்வர்டின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரின் போனுக்கு அவ்வப்போது செய்தி அனுப்பி, 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா' என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 விழுக்காடு நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படிப் போயிருந்த நேரங்களில் மக்கள் குறைவான மகிழ்ச்சியோடு இருந்தார்கள். பாதி நாள் நான் கடையில் இல்லை என்று இதைப் படித்தபோது புரிந்தது.

2014ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தியானப் பயிற்சிகள் பற்றிய 47 சோதனைகளை, 3,515 பேரின் முடிவுகளை, ஒன்றாக வைத்து அலசினார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் ஓரளவு குறைவு தெரிந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட இது மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. விளம்பரம் போல இல்லை. 2022ல் வெளியான இன்னொரு சோதனையில், பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வாரப் பயிற்சியும் மறு பாதிக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன.

இதைப் படித்துவிட்டு ஒருவர் கடைக்கு வந்து, இனி மாத்திரை வேண்டாம், மூச்சை எண்ணப் போகிறேன் என்றார். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும். எண்ணுங்கள், ஆனால் மாத்திரையைக் குறைப்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

எல்லோருக்கும் எல்லா முறையும் ஒத்துவராது. தேவனாம்பட்டினத்தில் இருந்து வருகிற ஓர் அம்மா, 2004 சுனாமியில் வீட்டில் இருவரைப் பறிகொடுத்தவர், யாரோ சொன்னார்கள் என்று சில்வர் பீச்சில் கண்ணை மூடி அலைச் சத்தத்தைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறார். உடம்பெல்லாம் உதறி, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அக்கா மகளிடம் அனுப்பினேன். அவள் முதலில் கண்ணைத் திறக்கச் சொன்னாள். மூச்சு வேண்டாம், கடல் வேண்டாம். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், எதிரே தெரிகிற ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள், அதுவும் ஒரு நிமிடம் மட்டும் என்றாள். பழைய பயம் ஆழமாக இருப்பவர்கள் தனியாக உள்ளே இறங்க வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவர் துணைக்கு வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

மற்றவர்களுக்கு ஒரு வாரத்துக்கு இது போதும்: காலையில் பத்து மூச்சு, ஒரு வாய் சாப்பாடு, நாளுக்கு மூன்று முறை கூண்டு. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். இது விட்டுப்போன மாத்திரை போலத்தான், அடுத்த வேளையில் வழக்கமான அளவு.

அந்த அம்மா ஆறு மாதம் எங்கள் கடைக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் அவரே வந்தார், வேறு கடை தூரம் என்று சொல்லிக்கொண்டு. இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறார். நான் அட்டையை எடுத்து விரலை வைத்து, "கிளிமிபிரைடு, ஒன்று" என்கிறேன். பின்னால் வரிசை நின்றாலும் அவர் நகர்வதில்லை.

"ஒன்று என்ன தம்பி? மில்லிகிராமையும் சேர்த்துச் சொல்."